இறப்பேடும் காய்ச்சற் கணக்கும்

மலாயாவின் பழைய மருத்துவ நூல்களை நம்மவர் அதிகம் படிப்பதில்லை. காப்பியமும் கவிதையும் பழகிய கண்ணுக்கு, வரிசை வரிசையாக எண்கள் நிற்கும் பக்கம் சுவையற்றதாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இந்நாட்டிற்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பவற்றுள் பெரும்பகுதி அப்பக்கங்களில்தான் கிடக்கின்றது. அவர்களுள் பெரும்பாலோர் கடிதம் எழுதி வைத்தவர் அல்லர். நாட்குறிப்பு வைத்தவரும் அல்லர். கப்பற் பதிவில் ஒருமுறை, தோட்டத்துச் செக்ரோலில் ஒருமுறை, இறப்பேட்டில் ஒருமுறை என்று அரசாங்கத்தின் மை அவர்களைத் தொட்டுச் சென்றது. அம்மையை எவ்வாறு படிப்பது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அதற்குத் துணையாக இரண்டு எழுத்துக்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த ராபர்ட் லிட்டில், லோகன் நடத்திய இந்தியத் தீவுக்கூட்ட இதழில் 1848-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை. பிளாக்கான் மாத்தித் தீவின் காய்ச்சலுக்குப் பவளப் பாறைகளே காரணம் என்பது அதன் வாதம். மற்றொன்று, 63 ஆண்டுகளுக்குப் பின் 1911-ல் டாக்டர் மால்கம் வாட்சன் வெளியிட்ட, ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு என்னும் பெருநூல். முன்னதை இன்று படிப்பவர் நகைத்துவிட்டு மூடிவிடுவர். பின்னதைப் போற்றுபவர் பலர். பக்கம் பக்கமாக ஆராய்ந்தவர் சிலர்.

பழைய கணக்குகளை எடுத்தாளும் நம் எழுத்தாளரிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு சாரார், அச்சில் ஏறிய எண் என்றால் உடனே கைகூப்புவர். மற்றொரு சாரார், 'வெள்ளைக்காரன் எழுதிய கணக்குத்தானே' என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கி விடுவர். ஏட்டைத் திறந்து பார்க்கும் வேலை இரு சாராருக்கும் மிச்சமாகிறது. நமது கருத்து வேறு. ஓர் இறப்பேட்டில் எத்தனை பேர் மாண்டனர் என்று கூறும் பத்தியும் உண்டு. எந்நோயால் மாண்டனர் என்று கூறும் பத்தியும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. முதற்பத்தியில் பிழை உண்டெனினும், அது எப்பக்கம் சாயும் என்பது நமக்குத் தெரியும்: பதியாமல் விட்ட பிணம் உண்டு, இல்லாத பிணத்தைப் பதிவதற்குக் காரணம் அரிது. எனவே அவ்வெண் உண்மையினும் குறைவாக இருக்கலாம், மிகுதியாக இராது. இரண்டாம் பத்தியின் பிழையோ எப்பக்கமும் சாயும்.

ஏன் என்பதை அறிய, ஒரு சாவு எவ்வாறு ஏட்டில் ஏறியது என்று காணவேண்டும். சிங்கப்பூரிலே பிறப்பையும் இறப்பையும் பதிவது 1872-ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. மருத்துவர் பார்த்துச் சான்று எழுதிய சாவுகள் நகரத்திலேயே குறைவு. நாட்டுப்புறத்தில் மிகமிகக் குறைவு. அங்கெல்லாம் பதிவு செய்யும் இடம் போலீஸ் நிலையமே. இறந்தவனின் உறவினனோ, உறவினன் இல்லாத இடத்தில் உடன் குடியிருந்தவனோ சென்று சொல்லவேண்டும். தமிழன் குளிர்காய்ச்சல் என்பான். குழந்தை என்றால் மாந்தம் என்பான், சன்னி என்பான், இழுப்பு என்பான். கேட்டு எழுதுபவர் பெரும்பாலும் தமிழறியாதவர். அச்சொல் மலாயில் ஒருமுறை மாறி, ஆங்கிலப் பத்திக்குள் மறுமுறை மாறும். இழுப்பு வந்த குழந்தைக்கு மலேரியாவும் இருந்திருக்கலாம், குடற்புழுவும் இருந்திருக்கலாம், பிறந்தபோது தொப்புளில் பட்ட அழுக்கும் காரணமாகியிருக்கலாம். மூன்றும் ஒரே சொல்லில் அடங்கி, ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாகி, தலைநகரிலிருந்து இலண்டன் வரை சென்றது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தெரியாதவன் தெரிந்த சொல்லைச் சொன்னான். எழுதியவன் அதை எழுதினான்.

இதனோடு வானிலைக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1841 முதல் 1845 வரை கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் நடத்தியது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் என்பார் அதன் பொறுப்பில் இருந்தார். காற்றழுத்தம், வெப்பம் முதலியன மணிக்கு மணி குறிக்கப்பட்டன. தொகுத்த நூல் 1850-ல் சென்னையிலேயே அச்சாயிற்று. காற்றழுத்தமானிக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. அது சொல்வதை அது சொன்னபடியே எழுதலாம். ஆனால் நாள்களைப் பாருங்கள். சிங்கப்பூரின் காற்று நள்ளிரவிலும் எழுதப்பட்ட காலத்துக்கும், சிங்கப்பூரில் ஒரு மனிதன் மாண்டால் அதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்ற காலத்துக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. காற்று கப்பலுக்கு வேண்டியிருந்தது.

லிட்டில் எழுதிய காலம் இந்த இடைக்காலம். அவருக்கு முறையான இறப்பேடு இல்லை. தாமே கேட்டும் கண்டும் சேர்த்த செய்திகளே இருந்தன. பிளாக்கான் மாத்தி என்ற பெயரிலேயே சாவு உண்டு. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செந்தோசா என்று பெயர் மாற்றப்பட்டு, இன்று விடுமுறைக் கூட்டம் மொய்க்கும் அதே தீவுதான். அங்குக் குடியிருந்தோரைக் காய்ச்சல் கொன்றது. எங்கெங்குக் கடல் வற்றும்போது பவளப் பாறை வெளியே தெரிகிறதோ, அங்கெல்லாம் காய்ச்சல் மிகுதி என்று லிட்டில் கண்டார். வெளிப்பட்ட பவள உயிர்கள் வெயிலில் மாண்டு அழுகி, நச்சாவி எழுப்பிக் காய்ச்சலை உண்டாக்குகின்றன என்று முடிவு கட்டினார்.

முடிவு தவறு. ஆனால் அவர் எங்கே தவறினார் என்பதைத்தான் திறனாய்வாளன் காட்டவேண்டும். கடலோரத்தில் இன்ன இன்ன இடங்களில் சாவு மிகுதி என்று அவர் கண்டது பொய்யன்று. உப்புநீரும் நன்னீரும் கலந்த குட்டைகளில் பெருகி மலேரியாவைப் பரப்பும் கொசு இனம் இக்கரைகளில் உண்டு என்பது பின்னால் அறியப்பட்டது. ஆகவே அவர் கண்ட இடம் சரி, சாவும் சரி. இடத்துக்கும் சாவுக்கும் நடுவே ஒரு காரணத்தை வைக்கவேண்டிய இடத்தில், தம் காலத்துக் கல்வி கைக்குக் கொடுத்த நச்சாவியை வைத்தார். அதைவிடப் பெருங்குறை ஒன்றுண்டு. பவளப் பாறை இருந்தும் காய்ச்சல் இல்லாத கரையையும், பவளப் பாறை இல்லாமலே காய்ச்சல் கண்ட உள்நாட்டையும் தம் கொள்கைக்கு எதிராக நிறுத்தி அவர் போதுமான அளவு சோதிக்கவில்லை. தம்மோடு ஒத்துப்போகும் சான்றுகளையே சேர்த்துக்கொண்டு போனார். இன்றும் நம் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றில் இந்த நோயைக் காணலாம், அது கிடக்க.

வாட்சன் கிள்ளானுக்கு வந்தது 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1897-ல், இந்தியாவில் செகந்தராபாத்திலே ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். கிள்ளான் பட்டணம் சதுப்பும் காடும் சூழ்ந்த பள்ளம். புதிதாகக் கட்டி 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமோ (இன்றைய கிள்ளான் துறைமுகம்) சதுப்பின்மேலேயே நின்றது. திறந்த சில வாரங்களிலே காய்ச்சல் துறைமுகத்தையே மூடிவிடும் போலிருந்தது. வாட்சனும், சிலாங்கூர் தலைமை மருத்துவர் டிராவர்சும் வற்புறுத்த, அரசாங்கம் காட்டை அழித்துக் கால்வாய் வெட்டிச் சதுப்பை வடித்தது. கொயினாவும் கொடுக்கப்பட்டது.

பயன் என்ன என்பதற்கு வாட்சன் ஓர் அட்டவணை தருகிறார். அவர் நூலின் உயிர்நிலை அதுவே. கிள்ளான் பட்டணமும் துறைமுகமும் சேர்ந்து, 1901-ல் காய்ச்சலால் மாண்டோர் 368, பிற நோய்களால் மாண்டோர் 214, ஆக 582. 1902-ல் காய்ச்சல் 59, பிற நோய் 85, ஆக 144. அதன்பின் 1905 வரை ஓர் ஆண்டிலும் மொத்தம் 125-ஐ எட்டவில்லை. மருத்துவமனை பட்டணத்தில் இருப்பதால், வெளியிலிருந்து வந்து அங்கே மாண்டவர் பட்டணக் கணக்கில் புகுந்துவிடுவர். அதையும் அவர் திருத்தியே தந்திருக்கிறார்.

இவ்வட்டவணையை மேற்கோள் காட்டுவோர் அனைவரும் 368, 59 என்ற இரண்டு எண்களையே எடுத்துக்கொள்கின்றனர். நாம் இரண்டாம் வரியைப் பார்ப்போம். பிற நோய்களால் நேர்ந்த சாவு 214-லிருந்து 85-ஆகக் குறைந்தது ஏன்? கால்வாய் வெட்டினால் கொசு குறையும். காசநோய் குறையுமா? வயிற்றுக்கடுப்பு ஓராண்டில் இப்படி விழுமா? இதற்குத் தக்க விடை ஒன்றே: 1901-ல் 'பிற நோய்' என்று எழுதப்பட்ட சாவுகளுள் பல, மலேரியாச் சாவுகளே. கழிச்சலோடு வந்த மலேரியா கழிச்சல் என்று எழுதப்பட்டது. இழுப்போடு வந்தது இழுப்பு என்று எழுதப்பட்டது. பல முறை காய்ச்சல் கண்டு இரத்தம் சுண்டிப்போனவனின் சாவு வெறும் பலவீனமாயிற்று. ஓராண்டில் முதல் வரியில் 309 குறைந்தது என்றால், இரண்டாம் வரியில் 129 குறைந்தது. நோய்ப்பத்தி எவ்வளவு பொய் கூறியது என்பதை அளப்பதற்கு நோய்ப்பத்தியையே கருவியாக்கிக் கொடுத்த அட்டவணை இது. 1901-ல் கிள்ளானில் மலேரியாவுக்குப் பலியானோர் 368 பேர் என்று இனி எழுதுவோர், இரண்டாம் வரியிலிருந்து இன்னும் நூறு பேரையாவது அதனோடு சேர்த்து எண்ணுவதே முறை.

அடுத்து, லிட்டில் செய்யாததை வாட்சன் செய்தார். வேலை நடந்த இடத்தை மட்டும் காட்டி நிறுத்தாமல், வேலை நடவாத இடத்தையும் காட்டினார். கிள்ளான் மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் 1901-ல் மாண்டோர் 416, 1902-ல் 403, 1905-ல் 622. அங்கே காய்ச்சற்சாவு மட்டும் 266-லிருந்து 351-ஆக ஏறியது. மழை குறைந்ததால் காய்ச்சல் குறைந்தது என்று எவரும் வாதிட இயலாது. பட்டணத்தின்மேல் பெய்த பருவமழைதான் சில கல் தொலைவிலிருந்த தோட்டத்தின்மேலும் பெய்தது. வானிலைப் பதிவைத் தனியே கூட்டிப் பெருக்காமல், ஒரே வானத்தின்கீழ் இரண்டு நிலங்களை நிறுத்தி அவ்வினாவுக்கு விடை கண்டது மிக நேர்த்தியான முறை.

போற்றுதலோடு நிறுத்திவிட்டால் அது திறனாய்வு ஆகாது. இவ்வட்டவணையில் மாண்டோர் தொகை இருக்கிறது. வாழ்ந்தோர் தொகை ஆண்டுதோறும் இல்லை. 1901-ல் புதிய துறைமுகத்திற்காகக் கூலிகள் திரண்டிருந்தனர். கூலிகள் கலைந்துபோனால், கால்வாய் வெட்டாமலே சாவு குறைந்திருக்கும். அவ்வாறே ஏனைய பகுதிகளில் சாவு ஏறியதற்கு நோயின் வேகம் மட்டுமே காரணம் எனல் தகாது. அவை ரப்பர் பெருகிய ஆண்டுகள். காட்டை அழித்துப் பால்மரம் வைக்க ஆட்கள் ஆண்டுதோறும் வந்து இறங்கினர். ஆள் கூடினால் சாவும் கூடும். ஆகவே இரு பகுதிகளுக்கும் இடையே காணும் வேறுபாடு, உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே தோன்றுகிறது. இக்குறையை நிரப்புவது, எவரும் கவனியாத மற்றோர் அட்டவணை. அரசாங்க ஊழியர் மலேரியாவுக்காகப் பெற்ற விடுப்புக் கணக்கு அது. 1901-ல் அவர்கள் பெற்ற மருத்துவச் சான்றுகள் 236. விடுப்பு நாள் 1,026. 1902-ல் 40 சான்றும் 198 நாளும். 1905-ல் 4 சான்று, 30 நாள். அரசாங்க ஊழியர் துறைமுகக் கூலிகளைப்போல் ஒரு மாதம் திரண்டு மறுமாதம் கலைகிறவர் அல்லர். அவர்களிடையே நோய் இவ்வாறு அற்றுப்போனதனால், பட்டணத்தில் சாவு குறைந்ததற்குக் கூலிகள் கலைந்தது பெருங்காரணமன்று என்று நாம் துணியலாம்.

ஆயின் ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. எழுத்தர் ஒருவர் காய்ச்சலால் படுத்த நாள் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டிருக்கிறது. கூலி ஒருவன் படுத்த நாளை எண்ணியவர் எவர்? அவன் படுத்தால் சம்பளமில்லை, அவ்வளவே. அவன் ஏட்டில் ஏறுவதற்கு மாளவேண்டியிருந்தது. மாண்டாலும், அட்டவணையில் அவன் தமிழனா, சீனனா, மலாய்க்காரனா என்ற குறிப்பு இல்லை.

பிறப்புக் கணக்கு இன்னும் ஏமாற்றுவது. சிங்கப்பூரில் 1881 முதல் 1921 வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் பிறந்தோரினும் இறந்தோரே மிகுதி; நகரம் வளர்ந்தது வந்திறங்கியவர்களால். இதைக் கண்டு, இம்மண்ணே மக்கட்பேற்றுக்கு ஆகாத மண் என்று நினைத்தால் பிழை. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே ஏறத்தாழ மூன்று ஆடவருக்கு ஒரு பெண். தாயாவதற்குப் பெண்ணே இல்லாத ஊரில் பிறப்பு விகிதம் குறைவாக இருப்பதில் வியப்பென்ன? இறப்பு விகிதமும் இத்தகையதே. வந்தவரில் பெரும்பாலோர் வாலிப ஆடவர். எந்த நாட்டிலும் கிழவரினும் கைக்குழந்தைகளினும் மிகக் குறைவாக மாளும் வயது அது. கிழவரும் குழந்தைகளும் நிறைந்த ஓர் ஊரில் ஆயிரத்துக்கு 30 பேர் மாள்வதும், வாலிபரே நிறைந்த ஊரில் ஆயிரத்துக்கு 30 பேர் மாள்வதும் ஒன்றல்ல. ஐக்கிய மலாய் மாநிலங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளரின் இறப்பு 1911-ல் ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது என்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துப் படிக்கவேண்டும். அதனோடு, வேலைக்கு ஆகாதவர் என்று நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டவர், ஊர் சேர்ந்து மாண்டால், இந்நாட்டு ஏட்டில் வரமாட்டார் என்பதையும் நினைக்கவேண்டும்.

இறப்பேட்டின் எல்லையை வாட்சனே உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் நூலிலேயே சான்றுண்டு. பின்னாளில் அரசாங்கப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானபோது, அவர் செத்தவர் கணக்கை மட்டும் நம்பியிருக்கவில்லை. தோட்டம் தோட்டமாகச் சென்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மலேரியா அடிக்கடி கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் பருத்திருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி என்று குறித்து, அத்தோட்டம் சதுப்புக்கு எவ்வளவு தொலைவு, குன்றுக்கு எவ்வளவு அருகில் என்று ஒப்பிட்டார். வரிசையில் நின்றவர் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். போலீஸ் நிலையத்தில் சொல்லுக்குச் சொல் மாறிய அதே நோய், இங்கே மொழிபெயர்ப்பின்றி விரலுக்குத் தட்டுப்பட்டது. காற்றழுத்தமானியைப் போன்ற ஒரு கருவி கடைசியில் நோய்க்கும் கிடைத்தது எனலாம். நூலில் மிக உயர்ந்த பக்கங்கள் எவை என்று கேட்டால், புகழ்பெற்ற கிள்ளான் அட்டவணையை விட்டு இவற்றையே காட்டுவேன்.

இப்பக்கங்கள்தாம் அவர் தம் முதல் வெற்றியைத் தாமே ஐயுறுவதற்கும் இடம் தந்தன. கிள்ளானில் காட்டை அழித்தால் காய்ச்சல் போயிற்று. நிழற்குட்டையில் வாழும் கொசு அங்கே இருந்தது. குன்றுத் தோட்டங்களில் காட்டை அழித்தால் காய்ச்சல் வந்தது. வெயில் விழும் தெளிந்த ஓடையில் வாழும் வேறு கொசு அங்கே பெருகியது. சீபீல்டு தோட்டத்தில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டுப் பார்த்தது இதனால்தான். ஒரு பட்டணத்துக் கணக்கை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியிருந்தால், குன்றுகளில் இன்னும் பல ஆயிரம் பேர் மாண்டிருப்பர்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். வாட்சன் தெளிவாக எழுதுகிறார், இரக்கமும் உண்டு. ஆனால் அவர் நூலுக்குள் இருத்திப் பேசும் வாசகன் தோட்ட முதலாளி. ஆகவே கால்வாய்க்கு ஆகும் செலவும், ஆளை இழப்பதால் ஆகும் நட்டமும் நூல் நெடுகிலும் எடைபோடப்படுகின்றன. அக்காலத்தில் அவ்வாறு வாதாடியிராவிட்டால் ஒரு கால்வாயும் வெட்டியிருக்கமாட்டார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட பின்னும், மண்ணீரல் வீங்கிய அப்பிள்ளைகளின் தாய் தந்தையர் அந்த நூலில் ஓரிடத்திலும் தம் வாயால் பேசக் காணோம். 'உனக்கு எப்போது காய்ச்சல் வரும், லயத்தில் யார் யார் படுத்தார்கள், ஊரில் இருந்தபோது வந்ததுண்டா?' என்று அவர்களைக் கேட்டு எழுதியிருந்தால், ஊரிலிருந்தே நோயைக் கொண்டுவந்தவர் எத்தனை பேர், இங்கு வந்து பெற்றவர் எத்தனை பேர் என்ற வழக்குக்கு அன்றே நல்ல சான்று கிடைத்திருக்கும். கேட்பதற்குத் தமிழறிந்த கிராணிமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர்.